சால இலையின் கணக்கு

கரியாஹாட் மேம்பாலத்தின் அடியில் சதுரங்கம் ஆடுகிறவர்களைத் தாண்டினால் ராஷ்பிஹாரி அவென்யூவின் நடைபாதைக் கடைகள் வந்துவிடும். புடவைக்கும் கண்ணாடி வளையலுக்கும் நடுவே ஒரு புச்காக்காரர்; நம்மூர்ப் பானிபூரிதான் இங்கே புச்கா. எத்தனை ரூபாய்க்கு என்று சொன்னதும் முதலில் கையில் வைப்பது ஒரு தொன்னையை. சால மரத்து இலை. ஓரத்தை மடக்கி ஒரு ஈர்க்கால் குத்தியிருக்கும், அவ்வளவுதான் தையல். நடுநரம்பிலிருந்து பக்க நரம்புகள் ஒரே சாய்வில் விளிம்பு வரை போகின்றன. வழவழப்பான மேல்பக்கம் உள்ளே, மங்கலான அடிப்பக்கம் வெளியே. இரண்டு மூன்று புச்கா உள்ளே போவதற்குள் ஈர்க்கு குத்திய இடத்தில் புளித்தண்ணீர் கசிந்து மணிக்கட்டுக்கு இறங்கும். நம்மூரில் மந்தாரை இலையைத் தைத்து விற்பார்களே, அதே கைவேலை.

"இந்த இலை எங்கிருந்து வருகிறது, தாதா?" என்று கேட்டேன். "மேதினிபூர்" என்று சொல்லிவிட்டு, அடுத்தவருக்கு உருளைக்கிழங்கு பிசையப் போய்விட்டார்.

*

கல்கத்தாக்காரர்களிடம் காடு என்றால் சுந்தரவனப் புலியைச் சொல்வார்கள். இல்லாவிட்டால் வடக்கே டூவர்ஸ் காண்டாமிருகம். விடுமுறைக்குப் போய்ப் படம் எடுத்துவரும் இடங்கள் அவை. மேற்கு வங்க வனத்துறையின் பதிவேட்டில் காடு என்று இருப்பது 11,879 சதுர கிலோமீட்டர், மாநிலப் பரப்பில் 13 சதவீதத்துக்குச் சற்றுமேல். அதில் தென்மேற்கு மூலை செம்மண் பூமி: மேதினிபூர், ஜார்கிராம், பாங்குரா, புருலியா. அங்கே சால மரம்தான் காடு. சுற்றுலாக்காரர் அதிகம் போவதில்லை. ஆனால் இந்த நகரத்தின் உள்ளங்கைக்கு அன்றாடம் வந்துபோகிற காடு அதுதான். தின்று முடித்ததும் கசக்கி எறிகிறோம்.

*

அந்தக் காட்டுக்குக் கணக்கு எழுதுகிற வனத்துறை இந்தியாவில் பிறந்தது 1864இல். முதல் தலைமை அதிகாரி டீட்ரிஷ் பிராண்டிஸ், ஜெர்மானியர். பின்னாளில் 1905இல் அமெரிக்காவின் தேசிய வனங்களுக்கு முதல் தலைவரான கிஃபோர்ட் பின்ஷோவும் இவரிடம் ஆலோசனை கேட்டவர். காட்டைக் கூப்பு கூப்பாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு கூப்பு வெட்டி, சுற்றி வருவதற்குள் முதல் கூப்பு வளர்ந்துவிடும் என்று கணக்குப் போடுகிற முறை ஐரோப்பாவிலிருந்து வந்தது. இதற்கென்று எழுதுகிற ஆவணத்தை வேலைத்திட்டம் என்பார்கள். பெரும்பாலும் பத்தாண்டுக்கு ஒன்று. வனக்காப்பாளர், வனவர், சரகர், கோட்ட அலுவலர் என்று எல்லாப் படிகளும் அந்தத் திட்டத்தில் போய்த்தான் முடியும்.

திட்டம் மண்ணைப் படிக்காமல் எழுதப்பட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பிச்சாவரமே சாட்சி. அங்கே அலையாத்திக் காட்டையும் கூப்பு போட்டு வெட்டினார்கள். மரம் போன இடத்தில் வெயில் பட்டுச் சேறு காய்ந்து அமிழ்ந்தது. ஓதத்தில் வந்த நீர் வெளியேற முடியாமல் நின்று உப்பேறியது. அதில் விதை பிடிக்கவில்லை. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி நீரை ஓடவிட்ட பிறகுதான் கன்றுகள் தலையெடுத்தன. கெடுத்ததும் துறை, சரிசெய்ததும் துறை. இதைச் சொல்வதில் எனக்கு ஏளனம் இல்லை. திருத்திக்கொள்கிற அரசு அலுவலகம் நம் நாட்டில் அவ்வளவு மலிவல்ல.

*

சால மரத்தின் சங்கதி வேறு. வெட்டினால் சாகாது. அடிக்கட்டையிலிருந்து ஐந்தாறு தளிர் ஒன்றாகக் கிளம்பும். அவற்றில் ஒன்றிரண்டை விட்டு மற்றதைக் கழித்தால் பத்துப் பன்னிரண்டு ஆண்டில் கம்பு தேறும். விடாமல் ஆண்டுதோறும் அரிவாள் வைத்தால் புதராகவே நிற்கும். எத்தனை ஆண்டானாலும் காத்திருக்கும்.

மேதினிபூரில் அப்படித்தான் நின்றது. ஜமீன்தார்கள் வைத்திருந்த காடுகள் ரயில் வந்த காலத்தில் கட்டைக்காக வெட்டுப்பட்டன. ஜமீன் ஒழிப்புக்கான 1953ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அவை அரசின் கைக்கு வந்தன. அரசு காவல் போட்டது. ஊர்க்காரர்கள் இரவில் விறகு வெட்டி விடியற்காலையில் டவுனுக்குச் சுமந்தார்கள். பிடித்தால் வழக்கு, விட்டால் விறகு.

1972இல் அதே மேதினிபூரின் ஆராபாரியில் வன ஆராய்ச்சிக்கு இருந்த அதிகாரி அஜித் குமார் பானர்ஜி. ஆராய்ச்சி செய்ய அவருக்கு மரம் வேண்டும். மரமோ நிற்க மாட்டேன் என்கிறது. அவர் 11 கிராமங்களின் 618 குடும்பங்களோடு உட்கார்ந்து பேசினார். சுமார் 1,272 ஹெக்டேர் காட்டை நீங்கள் காவல் காருங்கள், நடவு வேலை உங்களுக்கே, வளர்ந்து விற்கும்போது வருமானத்தில் 25 சதவீதம் உங்களுக்கு என்றார். சட்டப் புத்தகத்தில் இதற்கு அப்போது இடமில்லை. பத்துப் பதினைந்து ஆண்டில் காடு எழுந்துவிட்டது. 1989இல் மாநில அரசு இதை ஆணையாக்கியது. 1990 ஜூனில் மத்திய அரசு எல்லா மாநிலங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. கூட்டு வன மேலாண்மை என்று தமிழ்நாடு உட்பட நாடெங்கும் பரவிய முறையின் ஊற்றுக்கண் இதுதான்.

பெரிய தத்துவம் ஒன்றும் இதில் இல்லை. மரம் யாருடையது என்ற கேள்விக்குக் கால் பங்கு பதில் கிடைத்ததும் அரிவாள் நின்றது.

*

காடு வந்தால் காட்டில் இருப்பவையும் வரும். 1987 முதல் மேற்கே உள்ள தல்மா மலை யானைகள் பெருங்கூட்டமாகக் காங்ஸாபதி ஆற்றைக் கடந்து மேதினிபூருக்குள் இறங்கத் தொடங்கின. பகலில் சால நிழல், இரவில் நெல்வயல். காவல் காத்த அதே ஊர்கள் தீப்பந்தம் ஏந்தி விரட்டும் 'ஹுலா' கோஷ்டிகளைத் திரட்டின. தீப்பந்தத்தோடு கூரிய கம்பியும் சேர்ந்தது. அதை நிறுத்தச் சொல்லி 2018இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனாலும் 2024 ஆகஸ்டில் ஜார்கிராமில் ஒரு பெண் யானை பழுக்கக் காய்ச்சிய கம்பி குத்திச் செத்தது.

அதே 2018 மார்ச்சில் லால்கர் காட்டில் வனத்துறை வைத்த கேமராவில் புலி ஒன்று விழுந்தது. ஊரே நம்பவில்லை. கூண்டு வைத்தார்கள், அகப்படவில்லை. ஏப்ரலில் வேட்டைத் திருவிழா நாட்களில் அதைக் குத்திக் கொன்றுவிட்டார்கள். காவலுக்குப் பங்கு கொடுத்த ஒப்பந்தத்தில் புலிக்கும் யானைக்கும் ஒரு வரிகூட எழுதப்படவில்லை. நெல் போனவனுக்கு நஷ்ட ஈடு உரிய காலத்தில் கிடைக்கும்வரை அந்தக் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். கம்பியை மட்டும் மன்னிக்க முடியவில்லை.

*

மறுபடி இலை. அதைப் பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், அவர்களில் பலர் சாந்தால், லோதா பழங்குடியினர். விடிவதற்குள் காட்டுக்குப் போய், கைக்கு எட்டும் உயரத்தில் பறித்து, வீட்டில் உட்கார்ந்து தைக்க வேண்டும். மரம் உயர உயர இலை கைக்கு எட்டாமல் போகிறது. கூட்டு மேலாண்மை நடந்த ஊர்களிலேயே இந்தக் குறை பதிவாகியிருக்கிறது. கம்பு விற்ற பணம் பத்தாண்டுக்கு ஒருமுறை குழுவுக்கு வரும். இலை விற்ற பணம் அன்றன்றைக்கு அடுப்புக்கு வரும். முதல் கணக்கு வேலைத்திட்டத்தில் இருக்கிறது. இரண்டாவது கணக்கைப் பேச வேண்டியவர்கள் தொடக்கத்தில் குழுவிலேயே இல்லை: குடும்பத்துக்கு ஓர் உறுப்பினர் என்ற விதியில் எழுதப்பட்டது ஆணின் பெயர். பிறகுதான் கணவன் மனைவி இருவருமே உறுப்பினர் என்று திருத்தினார்கள்.

2022 ஜூலையில் தெர்மாகோல் தட்டுக்கு நாடு முழுக்கத் தடை வந்தது. சால இலைக்கு நல்ல காலம் என்று நினைத்தால், கரியாஹாட்டில் பாதிக் கடைகளில் உள்ளே வெள்ளி நிறம் பூசிய காகிதக் கிண்ணம். அது ஒழுகாது, வாங்குபவருக்கும் அதுதான் பிடிக்கிறது.

என் எண்ணம் இதுதான். ஒவ்வொரு குழுவின் காட்டிலும் சில ஹெக்டேரை இலைக்கென்று இடுப்பு உயரப் புதராகவே வைத்துக்கொள்ளலாம். சால மரம் அதற்கு இணங்கும், இத்தனை காலம் இணங்கித்தான் இருந்திருக்கிறது. அடுத்த வேலைத்திட்டத்தை எழுதும்போது, எந்தக் கூப்பை வளரவிடுவது, எதைத் தாழ்வாக வைப்பது என்று வனத்துறை அந்தப் பெண்களைக் கேட்டு எழுதட்டும்.