கால் கழுவும் சடங்கும் தரை துடைக்கும் கைகளும்

பெரிய வியாழக்கிழமை மாலைப் பூசையில் ஒரு சடங்கு உண்டு. பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு பேரை நாற்காலி போட்டு உட்கார வைத்திருப்பார்கள். சாமியார் மேலங்கியைக் கழற்றிவிட்டு, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து காலைக் கழுவித் துடைப்பார். கடைசி இரா உணவின்போது இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததை நினைவுகூரும் சடங்கு இது. கத்தோலிக்க வழிபாட்டு விதியின்படி அந்த நாற்காலிகளில் ஆண்கள் மட்டுமே உட்காரலாம் என்று இருந்தது. 2013இல் போப் பிரான்சிஸ் ரோமில் இளம் கைதிகள் இருந்த ஒரு சிறைக்குப் போய்ப் பெண்களின் கால்களையும் கழுவினார். 2016 ஜனவரியில்தான் விதியே மாறியது.

நாற்காலியில் பெண்ணும் உட்காரலாம் என்றானது நல்லதுதான். ஆனால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் வளர்ந்த எனக்கு அந்தச் சடங்கைவிட, அது முடிந்த பிறகு நடப்பதுதான் நினைவில் நிற்கிறது. சிந்திய தண்ணீரைத் துடைக்க வேண்டும். செம்பையும் தாம்பாளத்தையும் கழுவி வைக்க வேண்டும். ஈரத் துண்டுகளை அலசிக் காயப்போட வேண்டும். அதைச் செய்வது இரண்டு மூன்று பெண்கள். அதே தண்ணீர், அதே தரை, அதே குனிதல். சாமியார் குனிந்தால் அதற்குப் பணிவு என்று பெயர். இவர்கள் குனிந்தால் வேலை என்று பெயர். ஏன் இப்படி என்ற கேள்வி எனக்கு ரொம்ப நாளாக உண்டு.

விசுவாசத்தைக் கோயிலோடு விட்டுவிடாமல் அன்றாட வாழ்வில் வாழ்ந்து காட்டுங்கள் என்று எல்லாப் பிரசங்கத்திலும் கேட்கிறோம். எப்படி வாழ்வது என்று கேட்டால் வரும் பதில்களும் நமக்குத் தெரிந்தவைதான்: பணிவு, பொறுமை, மன்னிப்பு, தியாகம். ராஜபாளையத்தில் நூற்பாலையில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு விடியற்காலையில் வீடு திரும்பும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணையும் நினைக்கலாம். சோறு வடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மாமியாருக்கு மருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் அவள் படுக்கிறாள். சாயங்காலம் அன்பியக் கூட்டத்துக்கும் வருகிறாள். அங்கே அவளுக்கு, 'உன்னையே வெறுமையாக்கிக்கொள்' என்று சொல்லப்படுகிறது. இன்னும் எதை வெறுமையாக்குவது?

1960இல் வேலரி செய்விங் என்ற அமெரிக்கப் பெண் ஒரு கட்டுரை எழுதினார். பெண்ணிய இறையியலின் தொடக்கங்களில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். இறையியல் எழுதிய ஆண்கள் தங்கள் சோதனை எதுவோ அதையே மனித குலத்தின் பாவம் என்று எழுதி வைத்தார்கள் என்றார் அவர். தற்பெருமை, அதிகார ஆசை, தன்னையே மையமாக்கிக்கொள்வது ஆகியவை பாவம்; தன்னை மறந்த அன்பே அதற்கு மருந்து. பெண்களுக்கு நேரும் சோதனை பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. தனக்கென்று ஒரு மையமே இல்லாமல், பிறருடைய தேவைகளில் துண்டு துண்டாகச் சிதறிப்போவது. அந்த நோய்க்கு இந்த மருந்தைக் கொடுத்தால் நோய்தான் முற்றும்.

நம் ஊரில் வைத்துப் பார்க்கும்போது இந்த வாதம் பாதி தூரம்தான் வருகிறது. இங்கே பெண் தன்னை மறப்பது மன இயல்பு மட்டும் இல்லை. அவள் தன்னை மறந்திருப்பதால் ஆதாயம் அடைகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. இதைப் பார்க்க அமெரிக்கா போக வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வடக்கே, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், வத்திராயிருப்பை அடுத்துள்ள புதுப்பட்டிக்குப் போனால் போதும். பாமா பிறந்த ஊர் அது.

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. தலித் கிறிஸ்தவப் பெண் ஒருவர் தன் ஊர் மொழியிலேயே எழுதிய தன்வரலாறு. நாயக்கர் வீட்டில் மாடாக உழைத்த பாட்டிக்கு மீந்துபோன சோற்றை உயரத்திலிருந்து கொட்டுவார்கள். அவர் கீழே பாத்திரத்தை ஏந்தி அதை வாங்கிக்கொண்டு வருவார். அவரும் கிறிஸ்தவர்தான், பணிவானவர்தான். அந்தப் பணிவை எந்தச் சடங்கும் கொண்டாடவில்லை.

ஆசிரியராக வேலை பார்த்த பாமா, ஏழைப் பிள்ளைகளுக்காகவே வாழ வேண்டும் என்று கன்னியர் மடத்தில் சேர்ந்தார். ஏழு ஆண்டுகள் அங்கே இருந்தார். ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்களின் வசதியான வாழ்க்கையை அங்கே பார்த்தார். பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு முகமும், பெருக்கவும் துடைக்கவும் அனுப்பப்பட்ட தலித் பிள்ளைகளுக்கு இன்னொரு முகமும் காட்டப்படுவதைப் பார்த்தார். சாதி மடத்து வாசலோடு நின்றுவிடவில்லை. கீழ்ப்படிதல் என்ற வார்த்தைப்பாடு, இதையெல்லாம் கேட்காமல் இருப்பதற்கான ஏற்பாடாக இருந்தது. 1992இல் வெளியே வந்தார்.

கடவுள் அன்பானவர், சாந்தமானவர், பொறுமையானவர் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அவர் அநியாயத்தைக் கண்டு கோபப்பட்டவர், ஏற்றத்தாழ்வை எதிர்த்தவர் என்பதைச் சொல்லித் தரவில்லை என்ற பொருளில் 'கருக்கு' ஒரு குற்றச்சாட்டை வைக்கிறது. ஒரே கடவுள்தான். அவருடைய எந்தக் குணத்தை யாருக்குப் பாடமாக வைப்பது என்பதில்தான் ஞானோபதேசத்தின் அரசியல் இருக்கிறது. மரியாளுக்கும் இதே கதி. வானதூதரிடம் தலைகுனிந்து சம்மதம் சொன்ன மரியாளைச் சுரூபமாகச் செய்து வைத்திருக்கிறோம். வலியவர்கள் அரியணையிலிருந்து இறக்கப்படுவார்கள், பசித்தவர்கள் நிறைவார்கள், செல்வர்கள் வெறுங்கையாய்ப் போவார்கள் என்று அதே மரியாள் பாடியது லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்திலேயே இருக்கிறது. பெண்கள் கூட்டத்தில் அதைப் பற்றிப் பிரசங்கம் கேட்டவர்கள் எத்தனை பேர்?

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் ஊர். மனிதருக்கு வாழ்க்கைப்பட மாட்டேன் என்று மறுத்த ஒரு பெண்ணை அந்த ஊர் நூற்றாண்டுகளாகக் கும்பிடுகிறது. மறுத்த பெண்ணைக் கோயிலில் வைத்துக் கும்பிடுவது எந்த மதத்துக்கும் எளிது. வீட்டில், தெருவில், மடத்தில் மறுக்கிற பெண்ணோடு வாழ்வதுதான் கஷ்டம். மடத்தைவிட்டு வந்த பாமாவுக்கு உடனே வேலை இல்லை, பிடிமானம் இல்லை. புத்தகம் வந்தபோது சொந்த ஊர்க்காரர்களே கோபப்பட்டார்கள். சில மாதங்கள் ஊருக்குள் போக முடியவில்லை. அவர் வெளியேறியதை விசுவாசத்தை இழந்ததாகப் பார்ப்பவர்கள் உண்டு. ஏழைகளோடு இருப்பேன் என்று கொடுத்த வாக்கைக் காப்பாற்றத்தான் அவர் மடத்தைவிட்டு வந்தார் என்று நான் நினைக்கிறேன். அவர் விட்டது மடத்தை, வாக்கை விடவில்லை.

பணிவுக்கு நடந்ததுதான் பொறுமைக்கும் நடந்தது. 1869ஆம் ஆண்டு இந்திய விவாகரத்துச் சட்டத்தின்படி, மனைவி சோரம் போனாள் என்ற ஒரே காரணத்தைக் காட்டிக் கிறிஸ்தவக் கணவன் விவாகரத்துப் பெறலாம். மனைவிக்கு அது போதாது. கணவனின் சோரத்தோடு கொடுமையோ, இரண்டு ஆண்டுகள் கைவிட்டுப் போனதோ போன்ற இன்னொன்றையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். அடி மட்டும் வாங்கினால் காரணம் ஆகாது. 2001இல்தான் இந்தச் சட்டம் திருத்தப்பட்டது. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல், கிறிஸ்தவப் பெண்ணின் பொறுமை ஒரு புண்ணியமாக மட்டும் இல்லாமல் சட்டமாகவும் இருந்திருக்கிறது. சட்டம் மாறிய பிறகும், 'சிலுவையைச் சுமந்துகொள்ளம்மா' என்ற ஆலோசனை மாறவில்லை.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். தன்னைக் கொடுப்பதை எடுத்துவிட்டால் கிறிஸ்தவத்தில் மிச்சம் என்ன? சிலுவைதானே அதன் நடு? நோயாளியின் பக்கத்தில் இரவெல்லாம் உட்கார்ந்திருக்கும் பெண்ணை ஏமாளி என்று சொல்லிவிட முடியுமா?

முடியாது. அப்படிச் சொல்கிற பெண்ணியம் எனக்கும் வேண்டாம். கால் கழுவிய கதையை யோவான் நற்செய்தியில் இன்னொரு முறை வாசித்தால் இதற்குப் பதில் கிடைக்கும். இயேசு கால் கழுவுவது 13ஆம் அதிகாரத்தில். அதற்கு முந்தின அதிகாரத்தில் பெத்தானியா ஊர் மரியா, விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை இயேசுவின் பாதங்களில் பூசி, தன் கூந்தலால் துடைக்கிறாள். பணம் வீணாகிறதே என்று யூதாஸ் கேட்கும்போது, அவளை விட்டுவிடு என்கிறார் இயேசு. சில நாள் கழித்து அவரே துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் காலடியில் குனிகிறார். இதை அவர் ஒரு பெண்ணிடம் கற்றுக்கொண்டார் என்று நினைக்க எனக்குப் பிடித்திருக்கிறது. திருச்சபை அவர் செய்ததைச் சடங்காக்கியது. அவள் செய்ததை ஆக்கவில்லை.

இரண்டு செயலுக்கும் பொதுவானது ஒன்று உண்டு. அவள் கொடுத்த தைலம் அவளுடையது. யாரும் அவளை ஏவவில்லை. அவர் குனிந்ததும் அப்படித்தான். குனிய வேண்டிய கட்டாயம் இல்லாதவர் குனிந்ததால்தான் பேதுரு பதறிப்போய்க் காலை இழுத்துக்கொள்கிறார். வேலைக்காரி வந்து கழுவியிருந்தால் பேதுரு பேசாமல் காலை நீட்டியிருப்பார். மேலே இருப்பவர் கீழே இறங்கியது அங்கே நடந்தது. ஏற்கெனவே கீழே இருப்பவளை இன்னும் குனியச் சொல்ல அந்தக் கதையில் இடமே இல்லை. ஆகவே பணிவைப் பற்றி யார் பேசினாலும் இரண்டு கேள்வி கேட்கலாம். இந்தப் பணிவு எங்கிருந்து இறங்குகிறது? இது யாருடைய சுமையை இறக்குகிறது?

இந்தக் கேள்விகளைச் சாமியாரிடமும் கணவனிடமும் மட்டும் கேட்டுவிட்டு நான் தப்பிக்க முடியாது. எங்கள் வீட்டில் தினமும் இரவு ஏழு மணிக்குச் செபமாலை. அந்த நேரத்தில் பின்கட்டில் ஒரு அக்கா பாத்திரம் விளக்கிக்கொண்டிருப்பார். அவருக்கென்று ஒரு டம்ளர் காம்பவுண்டுச் சுவர்மேல் கவிழ்த்து வைத்திருக்கும். கல்லூரியில் 'கருக்கு' படித்த வருஷம் அந்த டம்ளரை எடுத்து எங்கள் டம்ளர்களோடு வைத்தேன். "அவ கேட்டாளா உன்கிட்ட?" என்றார் அம்மா. கேட்கவில்லைதான். அம்மா கெட்டவர் இல்லை. அவருக்குத் தெரிந்த அன்பெல்லாம் கொடுப்பதில்தான் இருந்தது, பழைய சேலை, மீந்த குழம்பு, பண்டிகைக்கு நூறு ரூபாய். அதைக் குறை சொன்ன நானும் டம்ளரை இடம் மாற்றியதோடு பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பில் இருந்தேன்.

ஒரு கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம், விருந்து முடிந்து எல்லோரும் சாய்ந்திருந்தபோது, அந்த அக்கா பிரியாணிச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் செபமாலை தொங்கியது. அவருக்கும் அன்றைக்குக் கிறிஸ்துமஸ்தான். இத்தனை வருஷம் அது எங்கள் யாருக்கும் உறைத்ததில்லை.

அடுத்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் சம்பளத்தோடு லீவு என்று சொன்னோம். சட்டியை யார் தேய்ப்பது என்று வீட்டில் பெரிய சண்டை வந்தது. முதலில் அம்மா எழுந்தார், பிறகு நான். இரண்டு பேரையும் உட்காரச் சொல்லிவிட்டு அண்ணனிடம் சட்டியைக் கொடுக்க எனக்கு இன்னும் மூன்று வருஷம் ஆனது.