எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம்

அமெரிக்காவில் வழிகாட்டி இல்லாமல் தானே வான்கோழி வேட்டைக்குக் கிளம்புகிறவருக்குத் துப்பாக்கி கிடைத்துவிடும், லைசென்ஸ் கிடைத்துவிடும். நிலம்தான் பிரச்சினை. சொந்தப் பண்ணை இல்லாதவர் பொதுநிலத்தைத் தேட வேண்டும். தேசியக் காடுகளின் வரைபடம், மாநில வேட்டைத்துறையின் வரைபடம், தனியார் நிலம் எந்த அடியில் முடிகிறது என்று ஜிபிஎஸ்ஸில் காட்டும் செயலி என்று குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து பார்ப்பார்கள். சீசன் வசந்தத்தில். என்னோடு வேலை பார்க்கும் மிசௌரிக்காரர் ஒருவர், மீட்டிங்கில் மற்றவர்கள் வந்து சேர்வதற்குள் அந்தச் செயலியைத் திரையில் காட்டினார். பச்சையாகத் தெரிவதெல்லாம் "அவர்" என்றார்.

ஆங்கிலத்துக்கு ஒரு சௌகரியம் உண்டு. அந்த ஒரு சொல்லில் கேட்பவன் சேர்த்தியா இல்லையா என்று சொல்லாமலே தப்பித்துக்கொள்ளலாம். தமிழில் முடியாது. "நம்முடையது" என்றால் நானும் உண்டு, "எங்களுடையது" என்றால் கிடையாது. பொதுச்சொத்து பற்றிய எல்லாத் தகராறும் இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் நடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

வயோமிங் மாநிலத்தில் நடந்த ஒரு வழக்கு இதற்கு நல்ல உதாரணம். அங்கே பொதுநிலமும் தனியார் நிலமும் சதுரங்கப் பலகைபோல மாறி மாறி இருக்கின்றன. ஒரு பொதுக்கட்டத்திலிருந்து அடுத்த பொதுக்கட்டத்துக்குப் போக மூலையில் ஒரே ஒரு புள்ளிதான். 2021-ல் மிசௌரியிலிருந்து போன நான்கு வேட்டைக்காரர்கள் அந்த மூலையில் ஒரு இரும்பு ஏணியை வைத்து, தனியார் மண்ணில் கால் படாமல் ஏறி இறங்கினார்கள். உன் உடம்பு என் நிலத்துக்கு மேலுள்ள காற்றைக் கடந்தது என்று நில உரிமையாளர் வழக்குப் போட்டார். கேட்ட நஷ்டஈடு பல மில்லியன் டாலர். 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மானோ வான்கோழியோ, அது எனக்கு இரண்டாம் பட்சம். "நம்முடையது" என்று சொன்னதை ஏணி போட்டாவது நிரூபித்துக்கொண்டார்கள் பாருங்கள், அது எனக்குப் பிடித்திருந்தது.

காட்டுவிலங்கு யாருக்கும் தனிச்சொத்து அல்ல, மக்களுக்காக அரசு அதைப் பொறுப்பேற்று வைத்திருக்கிறது என்பது அவர்களுடைய சட்ட மரபு. அதற்கு அவர்கள் பணமும் கட்டுகிறார்கள். 1937-லிருந்து துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போடும் வரி வனவிலங்குப் பாதுகாப்புக்கு ஒதுக்கப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சுமார் 2 லட்சத்துக்குச் சுருங்கிவிட்ட காட்டு வான்கோழி, பின்னால் 60 லட்சத்தைத் தாண்டியது. பண்ணையில் வளர்த்து விட்டவை பிழைக்கவில்லை. காட்டிலேயே வலை வீசிப் பிடித்து வேறு காட்டில் கொண்டுபோய் விட்டவைதான் பெருகின. சுடுகிறவனே வளர்க்கவும் காசு கொடுத்தான். கேட்க விசித்திரமாக இருக்கிறது, ஆனால் நடந்திருக்கிறது.

அந்தப் பச்சைநிறம் மொத்தமும் செவ்விந்தியர்களிடமிருந்து பிடுங்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர்களிடம் போய் "நம்முடையது" என்று சொல்ல நாக்கு கூசும்.

இனி நம் பக்கம். வத்திராயிருப்புக்கு மேற்கே பிளவக்கல். பெரியாறு, கோவிலாறு என்று அடுத்தடுத்து இரண்டு அணைகள். அணைக்குக் கீழே நெல், தென்னை, மா. மேலே மலை. 1988-ல் அது சாம்பல் நிற அணில் சரணாலயமானது. 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம், 1,016 சதுர கிலோமீட்டர். வான்கோழி இல்லை, காட்டுக்கோழி உண்டு. இந்த வட்டாரத்துக்கு வேட்டை ஒன்றும் புதிதல்ல. ராஜபாளையம் நாயே வேட்டைக்காக வளர்த்ததுதான். 2005-ல் அதற்கு அஞ்சல்தலை வெளியிட்டார்கள். இன்றைக்கு அது சென்னையில் பங்களா வாசலில் கொரியர்காரரைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருக்கிறது.

1882-ஆம் வருஷத்து மதராஸ் வனச்சட்டம் காட்டைக் காப்புக்காடாக்கியது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியது. 1991 திருத்தம் லைசென்ஸ் வேட்டையையும் முடித்துவைத்தது. அரசுநிலம்தானே என்று எல்லைக்கல்லைத் தாண்டிச் சும்மா நடந்து போனாலே குற்றம். பக்கத்துச் சதுரகிரிக்குச் சாமி கும்பிடப் போகிறவர்களுக்குக்கூடப் பல வருஷமாக அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாட்கள்தான் அனுமதி இருந்தது.

நான் இந்தத் தடையின் பக்கம்தான். காரணம் வெறும் கணக்கு. அமெரிக்காவின் நில மேலாண்மைத் துறை ஒன்றிடம் மட்டும் 24.5 கோடி ஏக்கர் இருக்கிறது. நம் காப்பகம் மொத்தமே இரண்டரை லட்சம் ஏக்கர். தமிழ்நாட்டு ஜனத்தொகை 2011-லேயே 7.2 கோடி. ஆளுக்கு ஒரு காட்டுக்கோழி என்றால் ஒரு சீசன் தாங்காது. ஏணியெல்லாம் அவர்களுக்குத்தான் கட்டுப்படியாகும்.

ஆனால் இந்தச் சரியான முடிவின் விலையை யார் கொடுக்கிறார்கள்? நான் கொடுக்கவில்லை. எனக்கு வேட்டை தெரியாது, ஆசையும் கிடையாது. வாரக்கடைசியில் பிராய்லர் கோழி ஆப்பில் வருகிறது. அது சுமார் ஆறு வாரம் வாழ்ந்தது, ஒருநாளும் மரத்தில் ஏறி அடையவில்லை. அதைத் தின்றுகொண்டே "வேட்டையாடாதீர்கள்" என்ற போஸ்டுக்கு லைக் போட முடிகிறது. ஒருவன் விரும்பவே விரும்பாத ஒன்றைத் துறந்துவிட்டு அதைத் தன் அறம் என்று சொல்லிக்கொள்ளலாமா? நம் தலைமுறையின் பல நல்ல கொள்கைகள் இப்படி இலவசமாக வந்தவை.

விலை கொடுத்தவர்கள் இரண்டு பேர். ஒன்று பளியர்கள். 1960களில் அவர்களோடு தங்கி ஆய்வு செய்த மானுடவியலாளர் பீட்டர் கார்ட்னர், சண்டை வந்தால் எதிர்க்காமல் விலகிப் போய்விடுவது அவர்கள் பண்பு என்று பதிவு செய்திருக்கிறார். அப்படிப்பட்டவர்களை வெளியேறச் சொல்வது எவ்வளவு சுலபம் என்று யோசித்துப் பார்க்கலாம். 2006-ன் வன உரிமைச் சட்டம் தேனுக்கும் கிழங்குக்கும் உரிமை தந்தது. பாரம்பரிய உரிமைகளையெல்லாம் அங்கீகரித்துவிட்டு, வேட்டை உரிமை நீங்கலாக என்று எழுதியது. பிராய்லர் தின்பவன் அனுபவிக்கும் அதே சட்டம்தான், ஆனால் அவர்களிடம் எடுத்துக்கொள்ள ஏதோ இருந்தது.

இன்னொருவர் அடிவாரத்து விவசாயி. என் தாய்மாமா பிளவக்கல் பக்கம் இரண்டு ஏக்கரில் தென்னை வைத்திருக்கிறார். காட்டுப்பன்றி கன்றின் குருத்தை நோண்டித் தின்றுவிட்டுப் போய்விடும். 2025 ஜனவரியில் அரசு ஒரு ஏற்பாட்டை அறிவித்தது: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விடலாம், 3-க்கு அப்பால் வனத்துறையே சுடும். மாமா தோட்டம் முதல் கிலோமீட்டரில் இருக்கிறது.

"பன்னிக்கு யாரு மாப்ள கிலோமீட்டரு சொல்லிக்குடுக்கது?" என்றார்.

அவர் கையில் துப்பாக்கி கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. கேரளத்தில் 2022-லிருந்து உள்ளாட்சிகளே ஆள் வைத்துச் சுட அனுமதி தருகின்றன. செத்த பன்றியை யாரும் தின்னக்கூடாது, புதைத்துவிட வேண்டும். ஒரு உயிரைக் கொன்றுவிட்டு அதைக் குப்பையாக்குவது எந்தக் கணக்கில் மேலான அறம் என்று எனக்கு விளங்கவில்லை. இறைச்சிக்கு விலை வந்தால் வயலில் நிற்காத பன்றிக்கும் குறி விழும் என்கிறார்கள். அதுவும் உண்மைதான்.

என் ஆதங்கம் வேறு. அமெரிக்க வேட்டைக்காரன் "நம்முடையது" என்று சொன்னால், அதற்கு அவன் தோட்டா வரியில் ரசீது இருக்கிறது. நான் பிளவக்கல் மலையை "நம் காடு" என்று சொன்னால் என்னிடம் என்ன ரசீது இருக்கிறது? மாமாவிடம் இருக்கிறது: தின்றுபோன கன்றுகளும், ஒரு அலுவலகத்தில் அவர் நிவாரணத்துக்கு எழுதிக்கொடுத்து இன்னும் பதில் வராத மனுவின் நகலும். புலியும் அணிலும் வாழ வேண்டும் என்பது என் விருப்பம். அவருடைய தென்னந்தோப்பு அதற்கு வரி கட்டிக்கொண்டிருக்கிறது.

போன மாதம் பேசும்போது முப்பது கன்று புதிதாக வைத்திருப்பதாகச் சொன்னார். ஒவ்வொன்றையும் சுற்றித் தகரம் அடித்திருக்கிறாராம். தகரத்துக்கு ஆன காசை நான் அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"நீ எதுக்கு மாப்ள தரணும்?" என்று சிரித்தார். "பன்னி உன்னோடதா?"