குளித்தால் போகிற பாவம்

சோவியத் காலத்து ரயில்களில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நடத்துநர் உண்டு, பெரும்பாலும் பெண். பெட்டியின் கோடியில் வெந்நீர்க் கொதிகலன், உலோகப் பிடிக்குள் செருகிய கண்ணாடித் தம்ளரில் தேநீர், சலவை செய்த படுக்கை விரிப்பு, நடு இரவில் இறங்க வேண்டியவரை உலுக்கி எழுப்புவது, டிக்கெட் இல்லாதவரை ஒரு பிடி பிடிப்பது எல்லாம் அவருடைய ராஜ்யம். உக்ரைனின் பொல்தாவா நகரத்துப் பையன் ஒருவன் 1990களின் தொடக்கத்தில் அந்தப் பெண்மணியை அப்படியே மேடைக்குக் கூட்டிவந்தான். மார்புக்குத் திணிப்பு, தலைக்குத் தொப்பி, உதட்டுக்குச் சாயம், ஓயாத வாய். பெயர் வெர்கா செர்துச்கா.

பையனின் பெயர் ஆந்த்ரி தனில்கோ. 1973இல் பிறந்தவர். 1990களின் பிற்பகுதியில் உக்ரைன் தொலைக்காட்சியில் வெர்காவுக்கென்றே ஒரு நிகழ்ச்சி வந்தது. அரங்கம்தான் ரயில் பெட்டி, வருகிற பிரபலங்கள்தான் பயணிகள். நிகழ்ச்சியின் பெயர் 'எஸ்வி ஷோ'. அந்த இரண்டு எழுத்துகள் ரயில்வேக்காரர்களுக்கு உயர்வகுப்புப் படுக்கைப் பெட்டியைக் குறிக்கும். வெர்காவுக்கோ அவள் பெயரின் முதலெழுத்துகள். பெரிய பெரிய பாடகர்கள் ஜம்மென்று ஏறி, அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனார்கள். பிறகு பாட்டு வந்தது. கல்யாணத்துக்கும் புத்தாண்டுக்கும் ஆடத் தோதான பாட்டுகள். பக்கத்தில் எதற்கும் சிரிக்காத முகத்தோடு ஓர் 'அம்மா'. அது நடிகை இன்னா பிலோகொன்.

தனில்கோவை 'அவர்' என்றும் வெர்காவை 'அவள்' என்றும் எழுத வேண்டியிருக்கிறது. ஒரே உடம்பு, ஒரே தொண்டை. தமிழில் மட்டும் இரண்டு விகுதி. இந்த விகுதிச் சிக்கலுக்குள் மிகப் பழைய மதக் கேள்வி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. வேஷம் கட்டுவது பொய் சொல்வதாகுமா? ஆகுமென்றால் அந்தப் பொய் யார் கணக்கில் ஏறும், கட்டியவர் கணக்கிலா, வேஷத்தின் கணக்கிலா?

கி.பி. 200ஐ ஒட்டி கார்த்தேஜில் வாழ்ந்த தெர்த்துல்லியனுக்கு இதில் சந்தேகமே இல்லை. உண்மையைப் படைத்தவருக்குப் பொய்யான எதுவும் ஆகாது, குரலை மாற்றினாலும் பாலை மாற்றினாலும் வயதை மாற்றினாலும் குற்றம் குற்றமே என்று நாடகக் கொட்டகைகளுக்கு எதிராக எழுதினார். அவர் கையில் வலுவான ஒரு சொல்லும் இருந்தது. நற்செய்தி நூல்களில் இயேசு பரிசேயர்களைத் திட்டும் கிரேக்கச் சொல் 'ஹிப்போக்ரித்தேஸ்'. அதன் சாதாரணப் பொருள் நாடக நடிகர், அவ்வளவுதான். தமிழ் பைபிளின் பொது மொழிபெயர்ப்பு அதை 'வெளிவேடக்காரர்' என்று பெயர்த்தபோது, தெரிந்தோ தெரியாமலோ, அந்தப் பழைய கொட்டகை வாசனையையும் சேர்த்தே கொண்டுவந்துவிட்டது.

தெர்த்துல்லியனுக்கும் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முந்தைய பிளேட்டோவின் கவலை வேறு. காவலர்களாக வளர்கிற இளைஞர்கள் பெண்களைப் போல நடிக்கக் கூடாது என்று 'குடியரசு' நூலில் பட்டியல் போடுகிறார்: புருஷனோடு சண்டை பிடிப்பவள், பீற்றிக்கொள்பவள், ஒப்பாரி வைப்பவள், காதலில் விழுந்தவள். அந்தப் பட்டியலை எழுதும்போது அவர் வெர்காவின் மேடையைப் பார்த்துக்கொண்டே எழுதினாரோ என்று தோன்றும். திரும்பத் திரும்ப நடித்தால் வேஷம் தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்பது அவர் பயம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே வேஷத்தைக் கட்டிவருகிற ஒருவரைப் பற்றிப் பேசும்போது அந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ளிவிடவும் முடியாது.

சட்டமாகவே எழுதியவர்கள் பைசாந்திய ஆயர்கள். 692இல் கான்ஸ்டான்டிநோப்பிள் அரண்மனையின் குவிமாட மண்டபத்தில் கூடிய சங்கத்தின் 62ஆம் விதி: ஆண் பெண்ணுடை உடுத்தக் கூடாது, பெண் ஆணுடை உடுத்தக் கூடாது, நகைச்சுவை முகமூடியோ துயர முகமூடியோ எதுவும் அணியக் கூடாது. மீறுகிறவர் குருவானால் பதவி போகும், பொதுஜனமானால் திருச்சபையிலிருந்தே விலக்கு. 988இல் கீவ் திருமுழுக்குப் பெற்றபோது இந்த மரபும் சேர்ந்தே வந்து இறங்கியது.

ஆனால் அதே பைசாந்தியம் வேறொரு சரக்கையும் அனுப்பிவைத்தது. எமெசா (இன்றைய சிரியாவின் ஹோம்ஸ்) நகருக்குள் செத்த நாயொன்றை இடுப்புக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு நுழைந்தவர் சிமியோன் என்ற துறவி. கோயிலுக்குள் போய் வழிபாடு நடக்கும்போதே கொட்டைகளை எடுத்து வீசினார். பைத்தியம் என்று ஊர் அடித்தது. அவரோ பைத்தியமாக நடித்துக்கொண்டிருந்தார், இறைவனுக்காக. இத்தனைக்கும், பேய் பிடித்ததுபோல் நடிப்பவர்களைத் தண்டிக்கச் சொல்லும் விதியும் அதே சங்கத்தில் உண்டு, 60ஆவது. நடிக்காதே என்று எழுதி வைத்துவிட்டு, நடித்தவரைப் புனிதர் வரிசையிலும் வைத்துக்கொண்டார்கள். உக்ரைனில் விமரிசையாகக் கொண்டாடப்படும் 'பொக்ரோவா' திருநாளின் ஐகான்களில் தேவமாதா தன் முக்காட்டை விரித்துப் பிடித்திருக்க, கீழே கந்தல் உடுத்திய ஒருவர் சீடனுக்கு மேலே சுட்டிக் காட்டிக்கொண்டிருப்பார். அவரும் பைத்திய வேஷக்காரர்தான். கோயில் நிறையக் கனவான்கள் இருக்க, மாதா அந்தக் கந்தலுக்குத்தான் காட்சி கொடுத்தாள் என்பது கதை. அவர் பெயர் ஆந்திரேயா. ஆந்த்ரி தனில்கோவோடு பெயர்ப் பொருத்தம் தற்செயல்.

வெர்காவைப் புனிதர் பட்டியலில் சேர்க்கச் சொல்லி இங்கே யாரும் மனுப் போடவில்லை. சிமியோனுக்குக் கிடைத்தது அடி. வெர்காவுக்குக் கிடைத்தது சம்பளம். அந்த வித்தியாசம் சின்னதல்ல.

சங்கத்து விதியும் துறவிகளின் பைத்தியமும் ஒருபுறம் இருக்கட்டும். கிராமத்து ஜனங்கள் தங்களுக்கென்று ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். பழைய நாட்காட்டிப்படி புத்தாண்டுக்கு முந்தைய இரவு மேற்கு உக்ரைனில் 'மலாங்கா'. பெயர் புனித மெலானியாவுடையது. வேஷம் கட்டுவது ஓர் ஆண்பிள்ளை. கூடவே ஆடு, கரடி, சாவு, சாத்தான் என்று ஒரு பட்டாளம் வீடு வீடாகப் போகும். மலாங்கா ரொம்பக் கெட்டிக்கார மருமகள்போல் வேலையில் இறங்குவாள்: அடுப்பில் பூச வேண்டிய களிமண்ணைப் பெஞ்சில் பூசுவாள், தரையில் தண்ணீரைக் கொட்டுவாள். வீட்டுக்காரி திட்டிக்கொண்டே தின்பண்டமும் காசும் கொடுப்பாள். எல்லாம் முடிந்ததும் வேஷம் கட்டிய பையன்கள் ஜனவரிக் குளிரில் ஆற்றில் இறங்கி உடம்பைக் கழுவிக்கொள்வது பழைய வழக்கம். முகமூடி பாவம் என்பதை அவர்கள் மறுக்கவில்லை. குளித்தால் போகிற பாவம், அவ்வளவுதான். தெர்த்துல்லியனுக்குத் தோன்றாத தீர்வு இது.

பொல்தாவாவுக்கே இன்னொரு கணக்கு இருக்கிறது. அந்த ஊர்க்காரர் இவான் கோத்லியாரெவ்ஸ்கி, வர்ஜிலின் ரோமானியக் காவியத்தை எடுத்து அதன் வீரர்களுக்குக் கொசாக் உடை மாட்டி, குடியும் கூத்துமாக ஒரு 'எனெயிதா' எழுதினார். 1798இல் அச்சான அந்த நூலிலிருந்துதான் நவீன உக்ரைன் இலக்கியத்துக்கு வயது கணக்கிடுகிறார்கள். இப்படிப்பட்ட எழுத்துக்கு ஐரோப்பிய மொழிகளில் 'டிராவெஸ்டி' என்று பெயர். உடை மாற்றிக்கொள்வது என்ற பொருளுள்ள இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. ஆக, ஒரு மொழியின் புது இலக்கியமே மாறுவேஷத்தில்தான் வாசல்படி ஏறியிருக்கிறது.

வெர்கா பேசுவது அந்த இலக்கிய உக்ரைன் மொழியும் இல்லை, ரஷ்ய மொழியும் இல்லை. இரண்டும் கலந்த 'சுர்ஜிக்'. கோதுமையோடு வேறு மட்டத் தானியத்தைக் கலந்து அரைத்த மாவுக்கு வைத்த பெயர் அது. பிறகு அப்படிப் பேசுகிற பேச்சுக்கு ஆனது. சந்தையிலும் ரயிலிலும் லட்சக்கணக்கானவர் பேசுவது. பள்ளிக்கூடத்தில் வெட்கப்பட வைப்பது. அதனால்தான் 2007இல் யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்கு உக்ரைன் வெர்காவைத் தேர்ந்தெடுத்தபோது உள்ளூரில் பலருக்கு வயிறு எரிந்தது. அரசியல்வாதிகள் சிலர் வெளிப்படையாகவே முகம் சுளித்தார்கள். ஒரு நாட்டின் முகமா இந்தத் திணித்த மார்பு? கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆண் ஒருவர் பருத்த கிராமத்துப் பெண்ணாக வந்து நின்றால் சிரிப்பு யாரைப் பார்த்து என்று கேட்கத்தான் வேண்டும். வெர்காவின் பழைய காட்சிகளில் சில இடங்களில் சிரிப்பு அந்தப் பெண்ணின் தலையில்தான் விழுகிறது. ஆனால் அவள் ஒருபோதும் தலைகுனிவதில்லை. கூசிப்போகிறவர் எதிரே உட்கார்ந்திருக்கும் பிரமுகராகத்தான் இருப்பார்.

போட்டி மே 12 அன்று ஹெல்சிங்கியில் நடந்தது. மேலிருந்து கீழ்வரை வெள்ளி மினுங்கும் உடை, கறுப்புக் கண்ணாடி, தலையில் பெரிய வெள்ளி நட்சத்திரம். பாட்டில் ஜெர்மன் கொஞ்சம், ஆங்கிலம் கொஞ்சம், உக்ரைன் மொழியும் ரஷ்ய மொழியும் கொஞ்சம், ஓர் அக்கார்டியன் துள்ளல். 235 புள்ளிகளோடு இரண்டாம் இடம். முதலிடம் 268 புள்ளிகளோடு செர்பியாவின் மரியா ஷெரிஃபோவிச்சுக்கு. அவர் பாடிய பாட்டின் தலைப்பு 'மொலித்வா', அதாவது பிரார்த்தனை. கண்ணாடியும் கோட்டு சூட்டுமாக, ஆணுடையில் நின்று பாடினார். பெண்ணுடையில் ஓர் ஆண், ஆணுடையில் ஒரு பெண்! 62ஆம் விதியின் இரண்டு பாதிகளும் ஒரே ராத்திரியில், ஒரே மேடையில் மீறப்பட்டன. மீறியவர்களில் ஒருவர் பிரார்த்தனையே செய்தார். அந்த ஆயர்கள் எழுந்து வந்திருந்தால் யாரை முதலில் விலக்குவதென்று குழம்பியிருப்பார்கள்.

வெர்காவின் பாட்டுக்குத் தலைப்பு 'டான்சிங் லாஷா தும்பாய்'. தலைப்பிலுள்ள அந்தக் கடைசி இரண்டு சொற்கள்தான் வம்பாகிப் போயின. அவை எந்த மொழி? ரஷ்யாவில் பலருடைய காதில் 'ரஷ்யா குட்பை' என்று விழுந்தது. உக்ரைனில் 2004ஆம் ஆண்டின் ஆரஞ்சுப் புரட்சி முடிந்து மூன்று ஆண்டுகூட ஆகாத நேரம் அது. மங்கோலிய மொழியில் கடைந்தெடுத்த பாலேடு என்று பொருள் என்றது தனில்கோ தரப்பு. மங்கோலிய மொழி தெரிந்தவர்கள் அப்படியொரு சொல்லே கிடையாது என்றார்கள். அதுவரை வெர்காவைத் தூக்கி வைத்துக் கொண்டாடிய ரஷ்யாவில் கதவுகள் சாத்தப்படத் தொடங்கின. அவருடைய மிகப் பெரிய சந்தை அதுதான்.

இங்கே பிரிட்டிஷ் தத்துவவாதி ஜே. எல். ஆஸ்டினை இழுக்க வேண்டியிருக்கிறது. சொல்லும் ஒரு செயல்தான் என்று விளக்கியவர்; அவர் இறந்த பின் 1962இல் புத்தகமாக வந்த அந்த உரைகளில் ஒரு விலக்கும் வைத்தார். மேடையில் நடிகர் சொல்லும் சொல் உள்ளீடற்றது. நாடகத்தில் தாலி கட்டினால் கல்யாணம் ஆகிவிடாது. நியாயந்தான். ஆனால் ஹெல்சிங்கிக்கு இந்தக் கணக்கு உதவவில்லை. சொன்னது மேடையில், சொன்னவள் கற்பனைப் பெண், சொன்ன சொல்லுக்கோ பொருளே இல்லை. மூன்று மடங்கு உள்ளீடற்றது. இருந்தும் அது போய்த் தைத்தது. நிஜ மனிதர் ஒருவரின் பிழைப்பில் கைவைத்தது.

பொருளைப் போட்டது யார் என்று பார்த்தால், கேட்டவர்கள்தான். காலிப் பாத்திரத்தை நீட்டினாள் வெர்கா. ஒரு தேசம் தன் பயத்தையோ கோபத்தையோ அதில் ஊற்றிக்கொண்டது. தனில்கோவின் மனத்தில் அன்று என்ன இருந்தது என்பதைவிட இதுதான் சுவாரஸ்யம். பொய் ஒன்று இருந்ததென்றால், அது பாலேடுதான். அதைச் சொன்னபோது அது வேஷத்தின் பேச்சே இல்லை. மனிதர் தன் சொந்தக் கணக்கில் சொன்னது. தெர்த்துல்லியனின் கணக்கு தலைகீழாகிவிடுகிறது: வேஷம் போட்ட வாயில் உண்மை, வேஷம் கலைத்த வாயில் மழுப்பல். மலாங்காப் பையன்போல் அவரும் கழுவிக்கொள்ள ஆற்றுக்குப் போனார். ஆறு உறைந்து கிடந்தது.

2014க்குப் பிறகு தனில்கோ ரஷ்யாவுக்குப் போய்ப் பாடவில்லை. 2022இல் முழுப் போர் மூண்ட பின், வெளிநாட்டு மேடைகளில் அந்த இடம் வரும்போது 'ரஷ்யா குட்பை' என்று பட்டவர்த்தனமாகவே பாடத் தொடங்கினார். கூட்டம் கூரை பிய்யக் கத்துகிறது. கத்தலில் குறை சொல்ல எதுவும் இல்லை. குண்டு விழுகிற ஊர்க்காரருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் பாத்திரம் இப்போது காலியாக இல்லை. நேராகச் சொல்லிவிடுகிற கோமாளிக்கு வேஷம் எதற்கு என்ற கேள்வி எழுகிறது. ஆனால் நட்சத்திரத்தை அவர் கழற்றவில்லை. 2023 மே மாதம் உக்ரைனின் சார்பில் லிவர்பூலில் யூரோவிஷன் நடந்தபோது, தொடக்க அணிவகுப்பில் வெர்கா அதே வெள்ளி மினுக்கலோடுதான் வந்து நின்றாள்.

அதற்கு ஆறு மாதம் முன்பு, 2022 நவம்பரில், லண்டனில் ஓர் ஏலம். ஏலத்துக்கு வந்தது பாடகர் ஃப்ரெடி மெர்குரி வைத்திருந்த ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷேடோ கார். 2013இல் 74,600 பவுண்டுக்குத் தனில்கோ ஆசை ஆசையாக வாங்கியது. ஏலத்தில் 2,86,250 பவுண்டுக்குப் போனது. பணம் முழுவதும் லிவிவ் நகரத்தின் 'சூப்பர்ஹியூமன்ஸ்' மையத்துக்கு. போரில் கை கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கை கால் பொருத்துகிற இடம். யூரோவிஷன் ஆவணத்தில் 235 புள்ளிகளுக்கு எதிரே வெர்கா செர்துச்கா என்ற பெயர்தான் இருக்கிறது. காரை வாங்கியதும் விற்றதும் தனில்கோ.