கணக்கும் கள்ளாமையும்



கி.பி. 9ஆம் நூற்றாண்டில் சமணச் சான்றோர் மகாவீராசாரியார் இயற்றிய ‘கணித சார சங்கிரகம்’ வட்டிக் கணக்கையும் கற்பிக்கின்றது. அத்தகைய கணக்கொன்றை விருதுநகரில் என் பழைய மாணவி ஒருத்தி கொணர்ந்தாள். அவள் சிவகாசிப் பட்டாசுத் தொழிலாளி. தீபாவளிக்குப் பின் ஆலை மூடியிருந்த நாட்களில் தண்டலுக்கு 10,000 ரூபாய் வாங்கினாள். பிடித்தம் 1,500 போகக் கைக்கு வந்தது 8,500. நாளொன்றுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும்.

“நூற்றுக்குப் பதினைந்துதானே வட்டி, டீச்சர்?” என்றாள்.

“இல்லையம்மா. நீ பெற்றது 8,500. அதற்கு 1,500 எனில், நூற்றுக்குப் பதினேழரைக்கும் மேல். அதுவும் ஆண்டுக்கன்று, நூறே நாளுக்கு. நாள்தோறும் முதல் குறைவதால் உண்மை வட்டி இன்னும் மிகுதி” என்றேன்.

கொடுக்கையில் குறைத்தும் கொள்கையில் மிகுத்தும் அளத்தலைக் கள்ளாமை விரதத்தின் ஐந்து குற்றங்களுள் ஒன்றாகத் தத்துவார்த்த சூத்திரம் வகுக்கின்றது. இது மரக்காலுக்கு மட்டுமா? 8,500 கொடுத்துவிட்டு 10,000 என எழுதி வாங்குவதும் அதுவேயன்றோ!

நம்மிலும் கடன் கொடுப்போர் உளர். வர்த்தமானர் வீடுபேறு எய்திய தீபாவளி நன்னாளில் விளக்கேற்றுமுன், அவரவர் பேரேட்டைத் திறந்து இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போமாக.