மெதுவாகப் போகும் உரிமை

இங்கிலாந்தில் 1865-இல் ஒரு சட்டம் வந்தது. சாலையில் தானே ஓடும் வண்டி ஊருக்குள் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல்தான் போகலாம். முன்னால் ஒரு ஆள் செங்கொடியோடு நடக்கணும். பின்னாளில் கொடி போனாலும் நடக்கும் ஆள் போகவில்லை. 1896-இல் புதிய சட்டம் 14 மைல் வரை அனுமதித்தது. அது நடைமுறைக்கு வந்த நவம்பர் 14 அன்றே, லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு வண்டிகளை ஓட்டிக் கொண்டாடினார்கள்.

இன்றும் நவம்பரில் ஒரு ஞாயிறு விடியும்போது, பழைய கார் பிரியர்கள் ஹைட் பார்க்கில் செங்கொடியைக் கிழித்துவிட்டுக் கிளம்புகிறார்கள். எல்லாம் 1905-க்கு முன் செய்த கார்கள். சுமார் 60 மைல் பயணம். போட்டி கிடையாது.

வேடிக்கை என்னன்னா, வேகத்துக்காகப் பிறந்த கொண்டாட்டம் இப்போது மெதுவாகப் போகும் சுகமாகிவிட்டது. அப்படின்னா அந்தப் பழைய சட்டத்தில் எது தப்பு? மெதுவாகப் போகச் சொன்னதா, வேறு வழியில்லாமல் செய்ததா?

இரண்டாவதுதான்னு நினைக்கிறேன். பிரைட்டன் போகிறவருக்கு வீட்டில் வேகமான கார் ஒன்றும் இருக்கும். கடைசி பஸ்ஸை விட்டுட்டு நடக்கிறவரிடம் போய் நிதானத்தின் அருமையைப் பேச முடியுமா? நிதானத்தை அறம்னு சொல்வதற்கு முன் கேட்க வேண்டியது இதுதான்: வேண்டாம்னு தோணினால் அதிலிருந்து இறங்கிவிட முடியுமா? முடியாதவருக்கு அந்தச் செங்கொடி இன்னும் கிழியவில்லை.