உப்பும் ஈரமும்: கரைவது அழிவதா?

உப்பு நீரில் கரைந்தபின் அது இருக்கிறதா, இல்லையா என்பது இந்தியச் சமய மரபில் மிகப் பழைய கேள்வி. உயிர் இறையோடு சேரும்போது உயிர் என்று ஒன்று மிஞ்சுமா என்று கேட்டவர்கள் பலரும் உப்பையும் நீரையும் காட்டியே விடை சொன்னார்கள். உவமை ஒன்று, அவர்கள் கண்ட விடைகள் வேறு வேறு.

சாந்தோக்கிய உபநிடதத்தின் ஆறாம் அத்தியாயத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவை இரவில் உப்பை நீரில் போடச் சொல்கிறார். விடிந்ததும் அதை எடுத்து வரச் சொல்கிறார். மகன் துழாவிப் பார்க்கிறான், கைக்கு அகப்படவில்லை. மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்திலும் பருகச் சொன்னபோது மூன்றிலும் கரிக்கிறது. கண்ணுக்குப் படாததை இல்லாதது என்று சொல்லிவிட முடியாது என்பது அங்கே பாடம். பிருகதாரணியக உபநிடதத்தில் அதே உப்பு வேறு கடுமையோடு வருகிறது. நீரில் விழுந்த உப்புக்கட்டியைத் தனியே எடுக்க முடியாததுபோல, உயிர் பிரிந்தபின் தனி உணர்வு இல்லை என்று யாக்ஞவல்கியர் தம் மனைவி மைத்ரேயிக்குச் சொல்கிறார். அதைக் கேட்டு அவள் கலங்கிப்போகிறாள். அந்தக் கலக்கம் நியாயமானது. உவமையைக் கேட்ட எவருக்கும் எழ வேண்டியது. சங்கரர் தம் உரையில், கட்டியின் இறுக்கம் இடையில் வந்து சேர்ந்தது, அது நீங்கியதும் உப்பு தன் மூலமான நீரோடு ஒன்றாகிறது என்று விளக்குகிறார்.

திருமூலர் இன்னும் ஓர் அடி பின்னால் போகிறார். திருமந்திரத்தின் முதல் தந்திரத்தில், உபதேசப் பகுதியில், உப்பு எப்படி உப்பாகிறது என்பதே தொடக்கம். நீருக்குள் இருந்த கரிப்பு சூரியனின் வெம்மையால் உருவும் பேரும் பெறுகிறது. பிறகு அதே நீரில் சேர்ந்து ஒன்றாகிறது. சீவன் சிவத்துள் அடங்குவதும் அப்படியே என்கிறது அந்தப் பாட்டு. உபநிடதக் கதையில் இல்லாத வெயில் இங்கே வந்துவிட்டது. உப்பளத்தைப் பார்த்த கண்ணுக்குத்தான் இது தோன்றும்.

அந்த வெயிலின் வேலையை மரக்காணத்து உப்பளங்களில் இன்றும் பார்க்கலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில், சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே, விழுப்புரம் மாவட்டத்தின் கடலோரத்தில் இருக்கிறது இந்த ஊர். 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலி உவர்நீர் ஏரியும் கழிமுகமும் இதை ஒட்டியவை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் தேங்கிய நீரை இறைத்து, சேற்றை வாரி, பாத்தியின் தரையைக் காலால் மிதித்து இறுக்குவார்கள். பிறகு உவர்நீர் பாத்தி பாத்தியாக நகர்கிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் உண்டு. நீர் சுண்டச் சுண்ட முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் அடியில் படியும். பழைய அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக நீர் சுருங்கிய பிறகே சமையல் உப்பு பிறக்கிறது. முதலில் அது நீரின் மேல் மெல்லிய ஏடாக மிதக்கும். காற்று அசைத்ததும் உடைந்து அடியில் இறங்கும். இறங்கியதை வாருபலகையால் வரப்புக்கு இழுத்துக் குவிக்கிறார்கள். கடைசியில் எஞ்சும் மக்னீசியக் கசப்பு நீரை வெளியேற்றிவிடுகிறார்கள். ஏடு கட்டும் அந்தக் கணத்துக்கு முன்பு பாத்தியில் உப்பைக் காட்டச் சொன்னால் யாராலும் காட்ட முடியாது. ஒரு சொட்டை நாவில் வைத்தால் நாக்கு சுருங்கிவிடும். சுவேதகேது கற்ற பாடம் அதுதான்.

வெயிலோடு முடிவதில்லை. காற்றின் ஈரப்பதத்துக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. உவமையை எடுத்து ஆண்டவர்கள் அதைத் தொடவில்லை. தூய சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். மக்னீசியம் கலந்த கல்லுப்பு அதற்கு முன்பே கசியும். ஐப்பசி, கார்த்திகையில் சமையலறை உப்பு ஜாடியின் அடியில் நீர் கோப்பது இதனால்தான். உப்பு விளையும் பாத்தியிலும் அதே கணக்கு: காற்று அந்த அளவுக்கு மேல் ஈரமாக இருந்தால் நீர் மேலே போகாது, உப்பு உருவாகாது. இராக்காற்றில் ஈரம் ஏறினால், பகலில் விளைந்த உப்பின் மேற்பரப்பு திரும்பக் கரையும்.

வீட்டுக்குள் வைக்கும் மீன்தொட்டி இந்தப் பாத்தியின் சிறிய உருவம். பத்தடிக்குப் பத்தடி அகலமும் பத்தடி உயரமும் கொண்ட அறையில் 30 பாகை செல்சியஸில் காற்று தாங்கக்கூடிய நீர் ஏறத்தாழ 850 கிராம். கடலோர ஊரில் ஈரப்பதம் முன்பே 75 விழுக்காடு என்றால், இன்னும் ஒரு டம்ளர் நீர் ஆவியானாலே மூடிய அறையின் காற்று நிறைந்துவிடும். சுவர் பூக்கும், அலமாரித் துணியில் பூஞ்சை படியும். தொட்டிக்குக் கண்ணாடி மூடி போட்டு, மீனுக்குக் காற்றுப் போக ஓர் இடைவெளி மட்டும் விட்டு, அறைக்கு எதிரெதிர் ஜன்னலோ காற்றை வெளியே தள்ளும் விசிறியோ இருந்தால் பெரும்பாலும் போதும். கடல்மீன் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் கோத்திருக்கும் துளி கரிப்பதில்லை. ஆனால் நீர் தெறித்துக் காய்ந்த விளிம்பில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். போனது நீர் மட்டும். அதனால் குறைந்த அளவை நன்னீரால்தான் நிரப்ப வேண்டும். உப்புநீரை ஊற்றினால் கரிப்பு நாளுக்கு நாள் ஏறி மீன் தாங்காது.

இந்த இடத்தில் உவமைக்கு ஒரு சிக்கல் வருகிறது. கரைந்த உப்பு அடுத்த வெயிலில் திரும்ப வருகிறது. வீடுபெற்ற உயிர் திரும்புவதில்லை என்பது இந்த மரபுகளுக்குப் பொது. அப்படியானால் கரைதல் எப்படி வீடுபேற்றுக்கு உவமையாகும்? ஒருபுடை ஒப்புமை, அதாவது ஒரு பக்கம் மட்டும் பொருந்தும் உவமை, என்று உரைகாரர்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம் இங்கும் செல்லும். ஆனாலும் அதைவிட ஆழமான விடை மெய்கண்டாரிடம் கிடைக்கிறது. 13ஆம் நூற்றாண்டில், இதே விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்தவர் அவர். 12 சூத்திரங்கள் கொண்ட சிவஞானபோதத்தில் ஏழாம் சூத்திரத்தின் விளக்கத்தில் கடல், நீர், உப்பு மூன்றையும் வைக்கிறார். கடல் என்பது நீருக்கு இடம் தரும் வெளி, அது இறை. நீர் உயிர். உப்பு அறியாமை. உப்பு நீரைப் பற்றும், வெளியைப் பற்றாது. திருமூலரிடம் உயிராக இருந்த உப்பு மெய்கண்டாரிடம் உயிரைப் பற்றிய மலமாகிவிட்டது. மூன்றும் ஒரே இடத்தில் பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன. ஆனால் ஒன்று மற்றொன்றாகிவிடவில்லை.

சைவ சித்தாந்தத்தின்படி வீடுபேற்றிலும் மலம் அழிவதில்லை. அதன் ஆற்றல் மட்டும் அடங்குகிறது. ஈரக்காற்று நிற்கும் பாத்தியில் உப்பு எங்கும் போகவில்லை, ஆனால் உருக்கொள்ள முடியாமல் கிடக்கிறது. இந்த ஒப்பீடு மெய்கண்டார் சொன்னது அல்ல. உப்பளத்தின் இயல்பிலிருந்து எடுத்தது. ஆயினும் அவர் வகுத்த நிலைக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. உரு போவதும் இருப்பு போவதும் வேறு வேறு என்பதை இரண்டுமே காட்டுகின்றன. மைத்ரேயியைக் கலங்க வைத்த வாக்கியத்தைச் சூனியம் என்று படிப்பவர்கள் பாத்தியில் பாதி வேலையை மட்டும் பார்த்தவர்கள்.

திருமந்திரத்தின் அந்தப் பாட்டைப் படித்தவர்கள் ஒருமுறையாவது பங்குனி வெயிலில் மரக்காணம் போய், பாத்தியின் வரப்பில் நின்று, நீரின் மேல் முதல் ஏடு கட்டுவதைப் பார்க்க வேண்டும்.