கண் செய்யாத குற்றம்

கண்வலிக்காரரைக் கண்டால் நாம் தலையைத் திருப்பிக்கொள்கிறோம். பார்த்தாலே ஒட்டிக்கொள்ளுமாம்! அவரும் ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உலகத்துக்குத் தாம் செய்ய வேண்டிய கடமை அத்துடன் தீர்ந்தது என்று எண்ணிக்கொள்கிறார்.

நானும் ஒருமுறை அப்படித்தான் எண்ணினேன். நண்பர் வீட்டுத் திருமணம், போகாவிட்டால் வருத்தப்படுவார். சிவந்த கண்களைக் கண்ணாடிக்குள் மறைத்துக்கொண்டு போனேன். எவரையும் நேராகப் பார்க்கவில்லை. ஆனால் கண்ணில் நீர் வடிந்தபோதெல்லாம் விரலால் துடைத்தேன். அதே விரலால் சந்தனம் எடுத்துக்கொண்டேன். நண்பரின் தாயார் என் இரு கைகளையும் பற்றிக்கொண்டு, "வந்துவிட்டாயா, அப்பா!" என்று மகிழ்ந்தார். ஒரு வாரத்துக்குள் அந்த அம்மாளுக்குக் கண்வலி.

என்னால்தான் வந்ததா? யார் கண்டார்கள்! கூட்டத்தில் எவரிடமிருந்தும் வந்திருக்கலாம். இந்தச் சமாதானத்துக்குள் என் மனச்சாட்சி சில நாள் ஒளிந்துகொண்டிருந்தது.

கண் மருத்துவர் அதை வெளியே இழுத்துவிட்டார். இந்த நோய் பெரும்பாலும் வைரஸால் வருவது, பார்வையால் பரவாது. கண்ணீரிலிருந்து கைக்கும், கையிலிருந்து துண்டு, தலையணை உறை, கதவின் கைப்பிடி ஆகியவற்றுக்கும், அங்கிருந்து அடுத்தவர் கைக்கும் கண்ணுக்கும் போகிறது. கறுப்புக் கண்ணாடி நம் கண்கூச்சத்துக்கு இதம். பிறருக்குக் காவல் அன்று. வைரஸால் வந்த கண்வலிக்கு ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்தும் பயன்படாது; பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானே தணியும். கடும் வலியோ, பார்வை மங்கலோ இருந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். மற்றபடி அடிக்கடி சோப்புப் போட்டுக் கை கழுவுவது, துண்டையும் தலையணையையும் தனியே வைத்துக்கொள்வது, கண் வடிவது நிற்கும்வரை வீட்டில் இருப்பது — இவையே பிறருக்கு நாம் செய்யும் உதவி.

நம் ஊரில் இதை 'மெட்ராஸ் ஐ' என்கிறோம். 1969-இல் கானா நாட்டில் இதைப்போன்ற ஒரு கண்நோய் பரவியபோது, அந்த ஆண்டு நிலவுக்குப் போன கலத்தின் பெயரால் 'அப்பல்லோ' என்றார்கள். 1971-இல் மேற்கு வங்கத்தில், எல்லை தாண்டி வந்த அகதிகளின் நாட்டு முழக்கமான 'ஜாய் பாங்லா'வையே நோய்க்குச் சூட்டினார்கள். ஊர்மீதும், வானத்தின்மீதும், வீடிழந்து வந்தவர்கள்மீதும் பழியைப் போட்டாயிற்று. 'என் கை' என்று ஒருவரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை.

அன்று நான் போகாமல் இருந்திருந்தால் நண்பர் வருந்தியிருப்பார். ஒரு கடிதத்தில் அந்த வருத்தம் தீர்ந்திருக்கும். உறவுக்கு அடையாளம் போய் நிற்பது மட்டுந்தானா? சில நாட்களில் போகாமல் இருப்பதும் அன்புதான்.